அப்பா தட்டிவைத்த பக்கங்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1999 தை மாதம், சம்பா அறுவடை முடிந்த கையோடு. விண்டோஸ் 98, 32 எம்பி ராம், 14 அங்குல மானிட்டர். மன்னார்குடியில் எங்கள் தெருவில் அதுதான் முதல். மோடம் போடும் கீச்சொலி இன்னும் காதில் இருக்கிறது. அப்பா ஓய்வுபெற்ற பின் அதில் தமிழில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பார், ஊர் வாய்க்கால்கள், 1977 புயல் என்று. போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய பிளாப்பி ஒன்றைத் திறந்து பார்த்தேன், குப்பையாகத் தெரிந்தது. அம்மா எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரிடம் போடச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. கூடத்தில் ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்வது பைத்தியக்காரத்தனமா? அந்த வியப்பு இன்றைய பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?

ஆர்.

(கடிதம் நீளமானது, சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ஆர்,

பிள்ளைகளை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு வேறு எதிலோ வியப்பு இருக்கும்.

உங்கள் கடிதத்தில் மோடத்தின் சத்தத்துக்கு முக்கால் பக்கம், மானிட்டருக்கு அம்மா தைத்த உறைக்கு அரைப் பக்கம். அப்பா எழுதியதற்கு இரண்டு வரி. அதிலும் ‘குப்பை’ என்று ஒரு வார்த்தை. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அது உங்கள் அப்பாவின் தமிழ்.

அந்தக் காலத்து எழுத்துருக்களில் தமிழுக்கென்று தனி இடம் கிடையாது. ஆங்கில எழுத்து உட்கார்ந்திருந்த இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினி என்ற எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளியின் இடத்தில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், அப்பா ‘வாய்க்கால்’ என்று தட்டியது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். எல்லா மொழி எழுத்துக்கும் தனி இடம் தரும் பொதுத் தரம் யூனிகோடு. அதில் தமிழ் 1991-லேயே சேர்ந்துவிட்டது. ஆனால் விண்டோஸில் அது வந்தது விண்டோஸ் 2000-த்தில்தான். நம் வீடுகளில் ஓடியதோ 98. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடி விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் தரம் வகுத்தார்கள். அதற்குள் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டிப் பழகியிருந்தோம்.

நான் பறிகொடுத்தவன், அதனால் சொல்கிறேன். பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். 2000-த்தில் நெல் போட்ட பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கினோம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிவிடும், டியூப்லைட் சிமிட்டிக்கொண்டே நிற்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் பெட்டியைத் தொடமுடியும். அத்தை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து நடவுப் பாட்டு சொல்வார், நான் தட்டுவேன். ஒரு நாள் மானிட்டரின் பின்பக்கம் எட்டிப் பார்த்து, “நீ எழுதுனதெல்லாம் எங்கடா போய் ஒக்காந்திருக்கு?” என்று கேட்டார். நடவுக்கு, களைபறிக்க என்று நாற்பது பாட்டுக்கு மேல் சேர்ந்தது. இன்று சொன்ன அடி நாளைக்கு வேறு மாதிரி வரும், இரண்டையும் தட்டிவைத்தேன்.

2003-ல் வைரஸ் புகுந்தது. சரிசெய்ய வந்தவர் என்னைக் கேட்காமலே இரண்டு டிரைவையும் பார்மேட் செய்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார். பிளாப்பியில் நகல் இருந்தது. கார்த்திகை அடைமழை ஈரத்தில் அதில் பூஞ்சை பிடித்திருந்தது. அத்தையிடம் மறுபடி உட்காரலாம் என்று தள்ளிப்போட்டேன். 2006-ல் அவர் போய்விட்டார். இப்போது எங்கள் வயலில் நடவு இயந்திரம் ஓடுகிறது.

ஆகவே கூடமா பரணா என்பதெல்லாம் அப்புறம். அந்தப் பெட்டியை ஆன் செய்யாதீர்கள். உள்ளே இத்தனை வருடத் தூசி இருக்கும், பவர் சப்ளை புகைந்தால் டிஸ்க்கையும் கொண்டுபோய்விடலாம். திருகுகளைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வெளியே எடுங்கள். பட்டையான கேபிள் மாட்டும் பழைய ஐடிஇ வகையாக இருக்கும். அதை யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர் விற்கிறது, டிஸ்க்குக்குத் தனியாக மின்சாரம் கொடுப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எது வேண்டும் என்று பொறுக்கிக்கொண்டிருக்காமல் மொத்தத்தையும் நகலெடுங்கள். முக்கியமாக விண்டோஸ் போல்டருக்குள், எழுத்துருக்கள் கிடக்கும் ஃபாண்ட்ஸ் போல்டர். மறுபடி சொல்கிறேன், ஃபாண்ட்ஸ் போல்டர். அப்பா எந்த எழுத்துருவில் தட்டினார் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். அது தெரிந்துவிட்டால் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழும், உட்கார்ந்து கையால் திருத்துங்கள். பிளாப்பிகளுக்கும் யுஎஸ்பி டிரைவ் உண்டு. பூஞ்சை தெரிந்தால் அதை உள்ளே போடவேண்டாம்.

வாய்க்கால்களைப் பற்றி எழுதினார் என்கிறீர்களே, அது என்னவென்று தெரிகிறதா? அரசுக் காகிதத்தில் சி, டி பிரிவு என்று போய்விடுகிற சின்ன வாய்க்கால்களுக்கெல்லாம் ஊரில் ஒரு பெயர் இருக்கும். எந்த மடை யாருக்கு, தண்ணீர் முறை எந்த நாள் என்று உங்கள் அப்பா தலைமுறைக்குத்தான் மனப்பாடம். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் கரையேறிய அந்தப் புயலன்று அவர் எங்கே ஒதுங்கி நின்றார், எதைப் பார்த்தார்? மகன் நீங்கள், உங்களுக்கே தெரியாது. அவர் தட்டிவைத்திருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லி இரும்புக்காரரை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். டிஸ்க் வெளியே வந்ததும், எந்த எழுத்துரு என்று புரியாவிட்டால், ஒரு பக்கத்தையும் ஃபாண்ட்ஸ் போல்டரையும் எனக்கு அனுப்புங்கள். பாமினியாக இருந்தால் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். வேறாக இருந்தால் இரண்டு நாள் கொடுங்கள்.