டைனமோவில் ஓடிய சுராங்கனி

“மறைந்துபோன ஒரு பாடகருக்காக ரசிகர்களே கூடிக் கருத்தரங்கு நடத்துகிறார்களே, அப்படி ஒன்றுக்குப் போயிருக்கிறீர்களா? நினைவு நாளில் பாட்டைப் போட்டுக் கேட்டால் போதாதா? பேசுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?” என்பது கேள்வி.

போயிருக்கிறேன். ஏ. ஈ. மனோகரனுக்காகக் கிளிநொச்சியில் நடந்தது. மத்தியானம் வரைக்கும் நானும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன். பின்னேரம் அந்த எண்ணம் மாறிவிட்டது. எப்படி மாறியது என்று சொல்ல வேண்டும் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அவர் சிலோன் மனோகர். 1979இல் வந்த ‘மாந்தோப்புக்கிளியே’ போன்ற படங்களில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அவர் பொப் இசைச் சக்கரவர்த்தி. செங்கை ஆழியானின் நாவலை வைத்து 1978இல் இலங்கையில் எடுத்த ‘வாடைக்காற்று’ படத்திலும் அவர் இருக்கிறார். அவர் பாடிய ‘சுராங்கனி’ பாட்டை இந்தத் தீவில் தெரியாத ஆள் இல்லை. 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். வயது 73.

அந்த நினைவு நாளை ஒட்டி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரந்தனுக்கு உள்ளே ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் கூட்டம். தை மாதம், காலபோக அறுவடை நேரம். போகும் வீதியில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். நெல்லில் சில்லு ஏறாமல் ஸ்கூட்டியை ஓரமாகவே உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் தம்பியின் மகன். 14 வயது. வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் கூட்டிப்போனேன், அவனுக்கு மனோகரன் யார் என்றே தெரியாது. நெல் வெட்டும் மெசினுக்குப் பின்னால் நின்றவர்கள் பதினொரு மணிக்கு மேல்தான் வந்தார்கள். தலையில் வைக்கல் தூசி அப்படியே இருந்தது. நாற்பது கதிரை போட்டிருந்தார்கள், பத்துப் பேர் நிற்க வேண்டியதாயிற்று.

மாலை போட்ட படம், குத்துவிளக்கு, ஒரு நிமிட மௌனம். அப்புறம் கட்டுரைகள். முதல் கட்டுரை வாழ்க்கை வரலாறு. தேடினால் எங்கும் கிடைக்கிற விஷயம்தான், எழுதி வைத்ததைப் பார்த்து வாசித்தார்கள்.

இரண்டாவதாகப் பேசியவர் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர். இவர் தாளே வைத்திருக்கவில்லை. மேசையைத் தன் பக்கம் இழுத்து, ‘தகிட தகிட, தகிட தகிட’ என்று விரலால் தட்டத் தொடங்கினார். “இது என்ன?” என்றார். முன்வரிசைப் பிள்ளை ஒன்று “திஸ்ரம் சேர்” என்றது, மூன்று மூன்றாக எண்ணுகிற தாள நடை. “சரி, இப்ப?” என்று அதையே கொஞ்சம் விரைவாக, ஒவ்வொரு மூன்றிலும் ஒரு துள்ளல் வைத்துத் தட்டினார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. எல்லோருக்கும் பைலா, இலங்கையின் துள்ளல் ஆட்டப்பாட்டு, கேட்டுவிட்டது. பைலா என்ற பேரே போர்த்துக்கேய மொழியில் ஆடுவதைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது என்றார். 1505இல் கப்பலில் வந்தவர்களும், அவர்கள் கூட்டிவந்த ஆபிரிக்க மக்களும் கரையோரத்தில் விட்டுப்போன தாளம் அது. புத்தளம் பக்கம் சிரம்பியடியில் அந்த ஆபிரிக்க வழிவந்தவர்கள் இன்றும் பாடி ஆடுகிறார்கள். அந்தத் தாளத்தை எடுத்துக்கொண்டு, 1960களின் கடைசியில், ஊரில் பேசுகிற தமிழிலேயே மாமியையும் மச்சாளையும் கள்ளுக்கடையையும் பாட்டாக்கியவர்கள் வந்தார்கள். அதில் முன்னோடி நித்தி கனகரத்தினம் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். மனோகரனுக்கு எடுத்த விழாவில் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்ததே, அது எனக்குப் பிடித்தது. மனோகரன் அதை மேடைக்கு மேடை கொண்டுபோனவர், கடல் தாண்டிக் கொண்டுபோனவர் என்றார்.

வகுப்பில் பிள்ளைகளுக்குத் திஸ்ரம் பிடிபடாவிட்டால், கதவைச் சாத்திவிட்டுச் சுராங்கனி பாடச் சொல்வாராம். ஒரு பிள்ளை கூடத் தாளம் பிசகியது இல்லையாம்.

அதற்குப் பிறகு கேள்வி நேரம். சினிமாப் பாட்டைத்தானே மனோகரன் மேடையில் பாடினார் என்று ஒரு தம்பி கேட்டான். இல்லை, மறுவளம். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு இளையராஜா ‘சுராங்கனி’யை எடுத்துக்கொண்டார், மலேசியா வாசுதேவன் பாடினார். அதற்கு முன்பே இங்கே தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு இருந்தார்கள். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். போர் முடிந்த பிறகு போனில் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை. போன் அவனுக்கு எதைக் காட்டுமோ அதுதான் அவனுக்கு மூலம்.

இன்னொரு பெடியன் எழுந்தான். இருபது வயது இருக்கும். “பாட்டிலை பாதி சிங்களம். எங்கடை இடத்திலை, இவ்வளவும் நடந்த இடத்திலை, இதுக்கு ஏன் விழா எடுக்கிறம்?” என்று கேட்டான். குரலில் திமிர் இல்லை, உண்மையாகவே கேட்டான். தலைவர் பதில் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தேத்தண்ணிக்குப் பிறகு பார்ப்போம் என்றார். நல்லவேளை நிறுத்தினார். அந்தக் கேள்விக்கு ஒரு கட்டுரையாளர் பதில் சொல்லியிருந்தால் அது அங்கேயே செத்திருக்கும்.

வடையும் பிளேன்ரீயும் முடிந்து உள்ளே வந்தபோது, ஏற்பாடு செய்தவர்கள் கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். முதன்முதலில் இந்தக் குரலை எங்கே கேட்டீர்கள், ஆளாளுக்கு இரண்டு நிமிடம், அவ்வளவுதான்.

முல்லைத்தீவுக் கரையில் இருந்து வந்த ஐயா ஒருவர், வள்ளத்தில் தகப்பனோடு போகும்போது, பொலித்தீன் பையில் கட்டிய சின்ன ட்ரான்சிஸ்டரில் இலங்கை வானொலியில் கேட்டதாகச் சொன்னார். வேறு ஒருவருக்குக் கலியாண வீட்டுத் தென்னையில் கட்டிய ஒலிபெருக்கி. பிறகு, தருமபுரத்தில் இருந்து வந்த அம்மா. எழுபதைத் தாண்டியவர். தமிழர்களுக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வடக்கே வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த ரேடியோவில் கேட்டிருக்கிறார்.

கேள்வி கேட்ட பெடியனின் பக்கம் திரும்பி, “எங்களுக்கு ரெண்டு பாஷையும் தெரியும் அப்பு. கடைக்காரரோட சிங்களம், வீட்ல தமிழ். இந்தப் பாட்டும் எங்க மாதிரித்தான் பேசுச்சு” என்றார். “அடிச்சு வெரட்டுனவங்களும் அந்தப் பாஷைதான் பேசுனாங்க. ராவு எங்கள ஒளிச்சு வச்ச வீட்டுக்காரியும் அதேதான் பேசுனா.” தருமபுரத்துக்கு வந்த பிறகு பிள்ளைகள் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு திரிவார்களாம், ஒரு சொல்லும் விளங்காமல். பாட்டில் வருகிற மாலு என்றால் சிங்களத்தில் மீன் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தாராம். “தோட்டத்துல எங்களுக்குக் கருவாடுதான். சம்பள நாளைக்கு மட்டும் பச்சை மீன் வரும். பாட்டுல மீன்னு வந்தா நான் நெனைக்கிறது...” என்று தொடங்கும்போது மணி அடித்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் முடிந்துவிட்டதாம். எனக்குக் கோபமே வந்தது. பெடியன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அந்த அம்மாவின் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கி வைத்தான்.

அடுத்தவர் ஒரு சைக்கிள் திருத்துநர். ஐம்பத்தைந்து வயது சொல்லலாம், விரல் நகங்களில் கிறீஸ் கறுப்பு. அவர் பேச்சில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

வன்னிக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 1990க்குப் பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் மருந்து மாதிரி. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி போட்டு விளக்கு எரித்தோம். பாட்டுக் கேட்க ஒரே வழி சைக்கிள் டைனமோ. கணக்கு அழகாகப் பொருந்தியது: ரேப் ரெக்கோடருக்கு நாலு பற்றரி, அதாவது 6 வோல்ற். டைனமோவும் 6 வோல்ற்தான். ஆனால் டைனமோவில் வருவது அப்படியே ரேப்புக்கு ஆகாது, திசை மாறி மாறி வரும். செத்த ரேடியோக்களில் இருந்து நாலு டயோட் கழற்றி, இடையில் ஒட்டி, ஒரே திசைக்குத் திருப்புவார்கள். அதை ஒட்டிக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பாட்டும் நிற்கும்.

1997இல் நாங்கள் விசுவமடுவில் ஒரு கொட்டிலில் இருந்தோம். எனக்கு 12 வயது. வெளியே ஒலிபெருக்கியில் எழுச்சிப் பாடல்கள். உள்ளே சித்தப்பாவிடம் ஒரே ஒரு கசெற், மேலே நீலப் பேனையால் ‘மனோகரன்’ என்று எழுதியிருந்தது. பின்னேரங்களில் நானும் தம்பியும் முறை வைத்துச் சுற்றினோம். முழங்கையில் இருந்து தோள் வரை வலி எடுக்கும். கை தளர்ந்தால் மனோகரனின் குரல் தடித்து, கீழே இறங்கி, யாரோ கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல ஆகும். “இழு பிள்ளை, இழு!” என்று சித்தப்பா கத்துவார். இழுத்தால் குரல் மேலே ஏறிவந்து துள்ளும். ஒரு பாட்டுக்குள் மூன்று நாலு தடவை இப்படி.

மண்டபத்தில் அந்தத் திருத்துநர் சொன்னார்: “எனக்கு இந்தப் பாட்டு நேரா ஓடினதா ஞாபகமே இல்லை. பாதை திறந்த பிறகு, 2002இலை, வவுனியாவிலை ஒரு கடையிலை கேட்டன். ஆரோ பிழையாப் பாடுறான் எண்டு நினைச்சன்.” என்று சொல்லிவிட்டு, தன் பாட்டைப் பாடிக் காட்டினார். வலது கையில் இருந்து இடது கைக்குப் பெடலை மாற்றுகிற இடத்தில் குரலை இறக்கினார், தாளத்தையும் இழுத்தார், பிறகு மெல்ல ஏற்றி, அந்தத் துள்ளலைப் பிடித்தார். கை தன்பாட்டில் வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டு இருந்தது. சங்கீத ஆசிரியர் மேசையில் தட்டத் தொடங்கி, முடியாமல் கையை எடுத்துவிட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அக்கா, தன் வலது தோளை இடது கையால் பிசைந்துகொண்டு இருந்தார். எனக்கும் அந்த இடம்தான் வலித்தது. ஆனால் என் பாட்டில் இறக்கம் வேறு இடத்தில் வரும். தம்பி பொறுமை இல்லாதவன், பல்லவி முடியும் முன்பே கையை எடுத்துவிடுவான்.

ஒரே பாட்டு, ஒவ்வொரு கொட்டிலிலும் ஒவ்வொரு மாதிரி ஓடியிருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வட்டத்தில் கூடி இருந்திராவிட்டால் எப்படித் தெரியும்?

ஆக, கேட்டவருக்கு என் பதில் இதுதான்: போங்கள். வாழ்க்கை வரலாற்றுக்காகவும் விருதுப் பட்டியலுக்காகவும் என்றால் வீட்டிலேயே இருக்கலாம். ஒரு பாடகர் பாடியதைப் பற்றிய குறிப்பு எங்காவது இருக்கும். அவரை இங்கே எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை, கேட்டவர்களின் தலையிலும் தோளிலும்தான் இருக்கிறது. நீங்களே கூட்டம் நடத்துவதாக இருந்தால், கட்டுரைகளை இரண்டோடு நிறுத்துங்கள். மணி அடிக்க ஆள் போடாதீர்கள். தயவுசெய்து பதிவு செய்யுங்கள். எங்கள் கூட்டத்தில் காலையில் வாசித்த கட்டுரைகள் முழுவதையும் வீடியோ எடுத்தார்கள், தேத்தண்ணியோடு கமெராவைக் கட்டி வைத்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. தம்பியின் மகன் தன் போனில் 11 நிமிடம் எடுத்து வைத்திருந்ததுதான் மிச்சம். திருத்துநர் பாடியது அதில் இருக்கிறது. வீடு வரும் வழியில் அவன், “மாமி, அப்பாவும் சுத்தினவரோ?” என்று இரண்டு தடவை கேட்டான்.

சித்தப்பா இப்போது இல்லை. கசெற் 2009இல், போரின் கடைசியில், மாத்தளன் போகும் வழியில் எங்கேயோ மற்றச் சாமான்களோடு போய்விட்டது.

போன மாதம் அந்தத் திருத்துநரின் கடைக்குக் கொப்பியோடு போனேன். டயோட்டை எந்தப் பக்கம் எப்படி வைத்து ஒட்டினார் என்று கீறிக் காட்டினார், நானும் பார்த்துக் கீறிக்கொண்டேன். யார் யார் வீட்டுக்கு ஒட்டிக் கொடுத்தார் என்று கேட்டதற்கு, விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போனார். “இவையளிலை இருக்கிற ஆக்களைப் பிடிச்சுக் கேளுங்கோ தங்கச்சி” என்றார். ஆறு பேரின் பெயர் எழுதியிருக்கிறேன். அதற்கு முதல், வரும் ஞாயிறு தருமபுரம் போகிறேன். அந்த அம்மா எந்த மீனை நினைத்தார் என்று அன்று சொல்லி முடிக்கவில்லை.