பள்ளிச் சத்துணவில் கேழ்வரகு, கம்பு, சாமையைச் சேர்த்தால் பிள்ளைகள் சாப்பிடுவார்களா?

சாப்பிடுவார்கள், பழகிய வடிவில் கொடுத்தால். எடுத்தவுடன் களி கிண்டிப் போட்டால் பாதித் தட்டு மிச்சமாகும். பெரிய பாத்திரத்தில் கட்டி விழாமல் களி கிண்டுவது சமையலருக்கும் பெரும்பாடு.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் ஏற்கெனவே இருக்கின்றன. அரிசிக்குப் பதில் சாமையிலோ தினையிலோ பொங்கல் வைத்தால் பக்குவம் ஏறக்குறைய அதேதான், தண்ணீர் அளவை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். கேழ்வரகுக்குப் புட்டு நல்லது. வெல்லம், தேங்காய்த்துருவல் சேர்த்தால் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை குறைவு. சத்தும் சாதாரணமல்ல: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்குதான்.

உண்மையான சிக்கல் கொள்முதலில்தான். கம்பு மாவு சில நாட்களிலேயே கசந்துவிடும். அதனால் மாவாக வாங்கி அடுக்காமல், தானியமாக வாங்கி வாராவாரம் அரைக்க வேண்டும். அப்புறம், எல்லா மாவட்டத்துக்கும் ஒரே பட்டியல் வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகு விளைகிறது, ஜவ்வாது மலையில் சாமை. அந்தந்த ஊர் விவசாயிகளிடமே வாங்கலாம். வாரம் ஒரு நாள் என்று ஆரம்பித்தால் போதும்.