ஒளியில் இயங்கும் ரத்தப் பரிசோதனை சென்சார்: பொண்ணை எதில் சேர்ப்பது?

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பொண்ணு ஆம்பூர் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், பயோ-மேத்ஸ். ஒளியை வைத்து ரத்தத்தில் நோயைக் கண்டுபிடிக்கிற சென்சார் வேலைக்குத்தான் போவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். உங்கள் வீட்டுக்காரர், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பு) கிடைத்தால் போதும் என்கிறார். இதற்கு நடுவில் ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள் வீட்டுக்கே வந்து, நானோ டெக்னாலஜி பட்டப்படிப்பு இருக்கிறது, சீட்டைப் பிடித்து வையுங்கள் என்று முன்பணம் கேட்டிருக்கிறார்கள். முன்பணம் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

அவள் எதன்மேல் ஆசைப்படுகிறாள் என்று உங்களுக்கும் புரிந்தால்தான் வீட்டில் நிதானமாகப் பேச முடியும். கொரோனா நேரத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்து, ஒரு சின்னப் பட்டையில் சொட்டு விட்டுப் பார்த்தார்களே, அதில் விழும் சிவப்புக் கோடு பெரும்பாலான பட்டைகளில் சாயம் கிடையாது. அது தங்கம். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் கனமே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் வரும். தங்கத்தைச் சில பத்து நானோமீட்டர் அளவுக்குத் துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்பை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அவள் சொல்லும் சென்சார் இதற்கு அடுத்த படி. கண்ணாடி மேல் சுமார் 50 நானோமீட்டர் கனத்துக்குத் தங்கம் பூசுவார்கள். கண்ணாடிப் பக்கத்திலிருந்து ஒளியைச் சாய்வாக அடித்தால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் அது திரும்பி வராது. தங்கத்தின் மேற்பரப்பில் இருக்கும் எலக்ட்ரான்கள் அதை வாங்கிக்கொண்டு அலையாக ஆடும். இதைப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்பார்கள். தங்கத்தின் மறுபக்கத்தில் முன்கூட்டியே ஆன்டிபாடியை, அதாவது ஒரு குறிப்பிட்ட பொருளைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, பதித்து வைத்திருப்பார்கள். நாம் தேடுகிற புரதம் ரத்தத்திலிருந்து வந்து அதில் ஒட்டிய நொடியில் அந்தக் கோணம் துளியளவு நகரும். எவ்வளவு ஒட்டியது, எவ்வளவு வேகமாக ஒட்டியது என்று அப்போதே அளந்துவிடலாம். சாயம் எதுவும் கலக்கத் தேவையில்லை. 1983-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். 1990-ல் பயாகோர் என்ற கருவி விற்பனைக்கே வந்துவிட்டது. 1998-ல் தாமஸ் எப்சன் குழுவினர், உலோகத் தகட்டில் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளைகளை வரிசையாகப் போட்டால் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஒளி ஊடுருவுவதைக் கண்டார்கள். அதிலிருந்து துளை வரிசைகளாலான சின்னச் சின்ன சென்சார்களும் வர ஆரம்பித்தன.

இவ்வளவு வந்துவிட்டதே, பிறகு ஏன் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இல்லை? அவள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. ரத்தத்தில் நமக்கு வேண்டிய புரதம் துளிதான் இருக்கும், வேண்டாதவை ஏராளம். நீங்கள் ஷூ கம்பெனியில் பார்த்திருப்பீர்கள், பசை தடவிய தோலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். தங்கப் பரப்பிலும் அப்படித்தான் கண்டதெல்லாம் ஒட்டும். எது ஒட்டினாலும் கோணம் நகரும், கருவிக்கு வித்தியாசம் தெரியாது. வேண்டாததை ஒட்டவிடாமல் தடுக்கும் பூச்சு வேதியியல்காரரின் வேலை. தகட்டைச் செதுக்குவதும் ஒளியைக் கணக்கிடுவதும் இயற்பியல்காரருக்கு. சிக்னலைப் படிக்கும் சர்க்யூட் எலக்ட்ரானிக்ஸ்காரர் பொறுப்பு. இந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து என்று சொல்ல மருத்துவர் வேண்டும்.

அதனால்தான், முதல் பட்டத்திலேயே எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் நானோ படிப்பு வேண்டாம் என்கிறேன். எதிலும் ஆழம் இல்லாமல் வெளியே வருவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஆராய்ச்சி வேண்டாம், ஆசிரியர் வேலைக்குப் போகிறேன் என்று நாளைக்கு அவள் மனசு மாறினால், புதுப்பெயர் கொண்ட பட்டம் வழக்கமான பட்டத்துக்கு இணையானதா என்று அரசாணை தேட வேண்டியிருக்கும். பி.எஸ்சி. இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ அந்தத் தொல்லை இல்லை. நானோவை மேற்படிப்பில் எடுத்துக்கொள்ளட்டும்.

என் முதல் தேர்வு பி.எஸ்சி. இயற்பியல். வேலூர் முத்துரங்கம் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது, காட்பாடியில் ஆக்சிலியம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதலாம். அதில் நல்ல இடம் வந்தால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி., பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் (இந்திய அறிவியல் நிறுவனம்) ஒருங்கிணைந்த பிஎச்.டி. என்று கதவு திறக்கும். நானோ அறிவியலுக்கென்று தனி மையமே ஐ.ஐ.எஸ்சி.யில் உண்டு. காட்பாடியில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் பெங்களூரு, பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்ற கவலையும் வேண்டாம். கல்லூரியில் சேர்ந்ததும் ஆய்வகத்தில் ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லி ஆசிரியரைக் கேட்கட்டும்: தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து சோடியம் சிட்ரேட் ஊற்றுவது. வெளிர்மஞ்சள் முதலில் நிறமிழக்கும், பிறகு கறுக்கும், கடைசியில் கருஞ்சிவப்பாகத் தெளியும். அதில் உப்புக் கரைசலைக் கொஞ்சம் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீலமாகிவிடும். இதை நேரில் பார்த்த பிறகும், ஏன் நிறம் மாறியது என்று விடாமல் குடைகிற பிள்ளை என்றால் இந்தத் துறை அவளுக்குத்தான்.

சர்க்யூட், கருவி என்று கை பரபரக்கிற பிள்ளையாக இருந்தால் பி.இ.யில் ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்புப் பொறியியல்) எடுக்கலாம். பாகாயத்தில் தந்தை பெரியார் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அதன்பின் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதினால், சென்னை ஐ.ஐ.டி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் நம் சி.எம்.சி.யும் சேர்ந்து நடத்தும் கிளினிகல் இன்ஜினியரிங் எம்.டெக். இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், மகள் சி.எம்.சி. வாசலுக்கு வேறு வழியாகவும் போகலாம். எம்.எல்.டி.யைக் குறைத்துச் சொல்லவில்லை. மூன்று நான்கு வருடத்தில் சம்பளம் வர வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால் அதுதான் சரி. ஆனால் அங்கே கருவியை இயக்கக் கற்பாள். அவள் ஆசை கருவியைச் செய்வதில்.

காலக்கணக்கை மறைக்க மாட்டேன். இயற்பியல் வழியில் பிஎச்.டி. முடிய ஏறக்குறைய பத்து வருடம். அத்தனை காலமும் நீங்கள் செலவு செய்ய வேண்டியதில்லை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், 2023 முதல் இந்தத் தொகை. பொறியியல் வழியில் கேட் எழுதிச் சேரும் எம்.டெக். மாணவர்களுக்கு மாதம் 12,400. வேலை என்று பார்த்தால், இந்த சென்சாரை மட்டுமே நம்பி நிற்க முடியாது. ஆனால் அதற்காகக் கற்கும் ஒளியியல், மெல்லிய பூச்சு, அளவீட்டுக் கணக்கு மூன்றும் பரிசோதனைக் கிட் கம்பெனிக்கும் சிப் தொழிலுக்கும் கல்லூரிப் பணிக்கும் உதவும்.

பணத்துக்கு இப்போதே செய்ய வேண்டியவை இருக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வரும். பொறியியல் கலந்தாய்வு, அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கை இரண்டுக்கும் ஆன்லைனில் பதிந்து வையுங்கள். எது என்று பிறகு முடிவு செய்யலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றைப் பள்ளியில் கேளுங்கள். வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை என்றால் இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ., தாசில்தார் என்று கை மாறி வர நாளாகும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.