காலோடு காசை முடிச்சுப் போடாதீர்கள்

கேள்வி: அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் குழுவாகச் சேர்ந்து, மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்ட நான்கு வார நடை, ஓட்டச் சவாலில் இறங்குகிறோம். சிலர் நன்றாக ஓடுவார்கள். சிலருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஒருவர் இதே நோய்க்குச் சிகிச்சை முடித்துச் சில மாதங்களே ஆனவர். ஆளுக்குத் தினமும் பத்தாயிரம் அடி என்று வைக்கலாமா? அடிக்கு இவ்வளவு என்று நன்கொடை கேட்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் கண்டுபிடித்த எண் அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி அளவி'. விளம்பரப் பெயர்தான் விதியாகிவிட்டது. அடிக்கணக்கில் நியாயமும் இல்லை. ஒரே தூரத்துக்கு நடப்பவர் அதிக அடி வைக்கிறார்; தாவி ஓடுபவருக்குக் குறைவாகவே பதிவாகும்.

நிமிடத்தை எண்ணுங்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி அல்லது 75 நிமிடக் கடும் பயிற்சியாவது தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் ஓடும் ஒரு நிமிடத்தை இரண்டாகக் கணக்கிடலாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். ஆளுக்கு வாரம் 150 என்றால், பன்னிரண்டு பேர், நான்கு வாரம்: குழுவின் இலக்கு 7,200 நிமிடம். அதை நோக்கிச் சேரும் கூட்டுத்தொகையை மட்டும் எல்லோருக்கும் காட்டுங்கள். தனிநபர் வரிசைப் பட்டியல் போட்டால், கடைசியில் இருப்பவர் சத்தமில்லாமல் நழுவிவிடுவார்.

சிகிச்சை முடித்தவர் தம் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். நடை பெரும்பாலும் நல்லதே செய்யும். ஆனால் சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போயிருக்கலாம்; கொப்புளம் வந்தாலும் தெரியாது. சோர்வு மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. நினைத்தபோது நிறுத்தும் உரிமை அவருக்கு இருக்கட்டும். அவர் கதையை நன்கொடை வேண்டுகோளில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் முகம் குழுவின் சுவரொட்டி அல்ல.

அடிக்கு இவ்வளவு என்று ஏன் கேட்கக் கூடாது? மூன்றாம் வாரம் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். நின்றால் பணம் போய்விடுமே என்று அவர் வலியை மறைத்து நடப்பார். ஆகவே முழுச் சவாலுக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கேளுங்கள். வெறும் தட்டில் முதல் காசு போட யாருக்கும் கை வராது; குழுவினர் பன்னிரண்டு பேரும் முதலில் போட்டுவிட்டு வெளியே கேளுங்கள். மொத்தமாக அனுப்பும் செய்தியைவிட, பெயர் சொல்லி ஒருவருக்கு எழுதும் இரண்டு வரிக்குப் பலன் அதிகம்.

பணம் எங்கே போகிறது என்பதில் கறாராக இருங்கள். ஆய்வு, விழிப்புணர்வு, நோயாளி உதவி மூன்றும் வேறு வேறு. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் சின்னமான இளஞ்சிவப்பு ரிப்பனை யார் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம். எந்த ஆய்வுகளுக்கு எவ்வளவு தந்தீர்கள் என்று அமைப்பைக் கேளுங்கள், ஆண்டறிக்கையைப் பாருங்கள். நன்கொடை நேரே அமைப்பின் கணக்குக்குப் போகட்டும். குழுத் தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் சொந்தக் கணக்கு வேண்டாம். டி-ஷர்ட் செலவு உங்கள் கையிலிருந்து.

புதுக் காலணி வாங்குகிறவர்கள் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். சவாலின் முதல் நாளுக்குள் அது காலுக்குப் பழகியிருக்க வேண்டும்.