அணியும் மனசும்: ஒரு விளையாட்டு உளவியலாளரிடம் கேட்டவை

கேள்வி: சார், பயிற்சியில் அருமையாக சர்வ் போடும் பிள்ளைகள், செட்டின் கடைசிப் புள்ளிகளில் பந்தை வலையில் அடிக்கிறார்கள். நான் வாலிபால் பயிற்சியாளர்.

பதில்: பதற்றம் வந்தால், தானாக நடந்த அசைவைத் துண்டு துண்டாகக் கவனிக்க ஆரம்பிப்போம், அதிலேயே அது குலையும். ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1992-இல் கோல்ஃபை வைத்துச் சோதித்தார். விதிகளைப் படித்துக் கற்றவர்கள் நெருக்கடியில் தேங்கினார்கள். விதி தெரியாமல் கற்றவர்கள் தொடர்ந்து முன்னேறினார்கள். ஆகவே டைம்-அவுட்டில் "முழங்கையைப் பார்" என்று கத்தாதீர்கள். பந்து எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம், பயிற்சியின் முடிவில் எல்லோரும் கோட்டோரம் நின்று பார்க்க, ஒருவர் மட்டும் சர்வ் போடட்டும். தவறினால் அன்றைக்கு வலையைக் கழற்றுவது அவர் வேலை. அந்தச் சின்னப் பதற்றம் போதும், வேறு தண்டனை வேண்டாம். நடுவரின் விசிலுக்குப் பின் சர்வ் போட 8 வினாடி இருக்கிறது. பதறும் பிள்ளை விசில் அடங்குவதற்குள் அடித்துவிடும். இரண்டு தட்டு, ஒரு மூச்சு, இலக்கைப் பார்த்தல், பிறகு அடி. இதைப் பயிற்சியிலேயே பழக்குங்கள்.

கேள்வி: ஒற்றுமை வளர அணியைச் சுற்றுலா கூட்டிப் போகலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் ஒற்றுமை வெற்றியைத் தருவது போலவே வெற்றியும் ஒற்றுமையைத் தருகிறது. ஆய்வுகளில் உறவு இரண்டு பக்கமும் ஓடுகிறது. சுற்றுலாவை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: மனவலிமையை அளக்கும் வினாத்தாள் வைத்து ஆட்களைத் தேர்வு செய்யலாமா?

பதில்: கூடாது. இடம் போய்விடும் என்று தெரிந்தால் "எனக்குப் பயம்" என்று யார் எழுதுவார்கள்? பேச்சைத் தொடங்க மட்டும் அது உதவும்.

கேள்வி: கூடைப்பந்தில், தொடர்ந்து கூடையில் போடும் ஆளுக்கே பந்தைக் கொடுக்கச் சொல்லலாமா?

பதில்: "கை சூடாக இருக்கிறது", அதாவது சில பந்து போட்டவர் அடுத்ததையும் போடும் வாய்ப்பு கூடுகிறது என்பது பிரமை என்று கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் 1985-இல் எழுதினார்கள்.

குறுக்கீடு: அதைத்தான் 2018-இல் மில்லர், சஞ்சுர்ஹோ என்ற ஆய்வாளர்கள் உடைத்துவிட்டார்களே சார்?

பதில்: பொறுங்கள், அதற்குத்தான் வருகிறேன். நாணயத்தை மூன்று முறை சுண்டுங்கள், அது ஒரு வரிசை. இப்படிப் பல வரிசை எடுங்கள். தலைக்கு அடுத்து எத்தனை பங்கு தலை விழுந்தது என்று ஒவ்வொரு வரிசையிலும் கணக்கிட்டு, சராசரி எடுங்கள். பாதி வராது, 5/12 தான் வரும். பழைய கணக்கு இந்தச் சாய்வைக் கவனிக்கவில்லை. திருத்தினால் அதே தரவில் சூடு தெரிகிறது.

குறுக்கீடு: அப்படியானால் எங்கள் கண்ணை நம்பலாம்.

பதில்: அங்கேதான் தாவுகிறீர்கள்! சூடு உண்டு என்பது வேறு, ஆட்டத்தின் நடுவில் அதை நீங்கள் கண்டுபிடிப்பது வேறு. மூன்று பந்து விழுந்தவுடன் எதிரணி அவரை நெருக்கும், அவரும் தூரத்திலிருந்து எறியத் துணிவார். அவரைத் தடுக்க இரண்டு பேர் போனால் தனியாக நிற்பவருக்குக் கொடுங்கள். ஒரே ஒரு ஆய்வைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை மாற்றாதீர்கள், அது 1985-ஆக இருந்தாலும் 2018-ஆக இருந்தாலும்.

கேள்வி: ஆட்டத்துக்கு முன் எப்படிப் பேசினால் வெறி ஏறும்?

பதில்: எல்லோரும் இதையே கேட்கிறீர்கள்! சிலருக்கு வெறி ஏறினால் ஆட்டம் கெடும். சுருக்கமாக, வேலையைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: ஒரு வீரர் வாரக்கணக்கில் தூங்கவில்லை, அடிக்கடி அழுகிறார்.

பதில்: இது பயிற்சி விஷயமல்ல. மனநல மருத்துவரிடம் இன்றே அழைத்துப் போங்கள்.

கேள்வி: கேப்டனைத் தேர்ந்தெடுக்க ஏதாவது வினாத்தாள்...

பதில்: கூடாது. மனவலிமை வினாத்தாளுக்குச் சொன்ன பதில்தான் இதற்கும்.