சிறையிலிருந்து வெளியே வந்தபின் ஆதார், ரேஷன், ஓட்டு, பாஸ்போர்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அடையாள அட்டை பற்றியவை. எல்லோருக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறைக்குப் போனதால் ஆதார் ரத்தாவதில்லை, பான் எண்ணும் ரத்தாவதில்லை. அட்டைதான் தொலைந்திருக்கும், எண் அப்படியே இருக்கிறது. புரோக்கர்கள் 'எல்லாம் புதுசா எடுக்கணும்' என்பார்கள். அவர்களுக்கு அதில்தான் காசு. பழையதை மீட்பதற்குப் பெரும்பாலும் ஒரு விரல் ரேகையும் சிறு கட்டணமும் போதும்.

ஏழு வருடம் கழித்து வந்திருக்கிறேன். ஆதார் அட்டை இல்லை, எண்ணும் ஞாபகமில்லை. அப்போது கொடுத்த செல் நம்பர் இன்றைக்கு வேறு யாரிடமோ இருக்கிறது. புதிதாக ஆதார் எடுத்துவிடலாமா?

எடுக்க முடியாது. உங்கள் கைரேகையும் கருவிழியும் ஏற்கெனவே பதிவில் இருப்பதால் புது விண்ணப்பம் சில வாரம் கழித்து நிராகரிக்கப்பட்டுத் திரும்பிவிடும். அந்த வாரங்கள்தான் வீண்.

ஆதார் சேவை மையத்துக்கோ, தாலுகா அலுவலகம், பெரிய தபால் நிலையம் போன்ற இடங்களில் உள்ள பதிவு மையத்துக்கோ நேரில் போங்கள். 'எண் மறந்துவிட்டது, பழைய ஆதாரை எடுத்துத் தாருங்கள்' என்று மட்டும் கேளுங்கள். பெயர், ஊர், பின்கோடு விவரங்களோடு விரல் ரேகையும் வைத்தால் பதிவைத் தேடி அச்சிட்டுத் தர அவர்களுக்கு வழி உண்டு. இங்கே பலர் தடுக்கி விழுவது பின்கோடில். இப்போது இருக்கும் வீட்டின் பின்கோடைச் சொல்வார்கள், கணினி 'இல்லை' என்று காட்டும். ஆதார் எடுத்த அன்று எந்த வாடகை வீட்டில் இருந்தீர்களோ அந்தப் பின்கோடைச் சொல்ல வேண்டும். பெயரும் அப்படியே, இனிஷியலை அன்றைக்கு எங்கே போட்டீர்களோ அங்கேயே. விரல் ரேகை தேய்ந்துபோயிருந்தால் கருவிழியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

போவதற்கு முன் வீட்டில் ஒருமுறை தேடுங்கள். பழைய வங்கிக் கணக்கு விண்ணப்பம், கேஸ் இணைப்புத் தாள், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை என்று எங்காவது ஒரு ஜெராக்ஸ் கிடக்கும். 1947 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எண் கிடைத்த அன்றே செல் நம்பரையும் மாற்றிவிடுங்கள். அதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை, நேரில் போய் ரேகை வைத்தால் போதும். 'சிம் வாங்க ஆதார் வேண்டும், ஆதாருக்கு சிம் வேண்டும்' என்று குழம்பாதீர்கள். இப்போதைக்கு அம்மாவின் எண்ணையோ அண்ணன் எண்ணையோ கொடுக்கலாம். ஒரே எண்ணைப் பல ஆதாரில் இணைக்க அனுமதி உண்டு. சொந்த சிம் வாங்கியதும் மாற்றிக்கொள்ளுங்கள். ஏனென்றால் வங்கி, ரேஷன், லைசென்ஸ் எல்லாம் இனி அந்த ஓடிபியில்தான் ஓடும். கட்டணப் பட்டியல் மையத்தில் ஒட்டியிருக்கும். அதற்கு மேல் தர வேண்டாம், ரசீது வாங்காமல் வர வேண்டாம்.

என் மகன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான், சீக்கிரம் விடுதலை. அவனுக்கு ஆதாரே எடுத்ததில்லை. வந்தபிறகு எந்த ஆபீசுக்குக் கூட்டிப்போக வேண்டும்?

வரும்வரை காத்திருக்காதீர்கள் அம்மா. வேறு எந்தச் சான்றும் இல்லாத கைதிக்குச் சிறையில் சேர்த்தபோது பதிந்த விவரத்தாளே ஆதாருக்கான ஆவணம் என்று 2023-ல் ஏற்கப்பட்டுவிட்டது. ஈ-பிரிசன்ஸ் என்ற சிறைக் கணினி அமைப்பிலிருந்து அதை எடுத்து, சிறை அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருவார். அடுத்த முறை மனு போட்டு மகனைப் பார்க்கப் போகும்போது, ஆதார் பதிவு வேண்டும் என்று கண்காணிப்பாளருக்கு ஒரு வேண்டுகோள் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சிறை நல அலுவலரிடம் நீங்களும் நேரில் சொல்லுங்கள். உள்ளே பதிவு முகாம் நடக்கும்போது பெயர் பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குள் வெளியே வந்துவிட்டாலும் கவலையில்லை. வீட்டில் ஆதார் உள்ள ஒருவர் குடும்பத் தலைவர் என்ற முறையில் கூடவே வந்து ரேகை வைத்து, உறவைக் காட்டும் ஓர் ஆவணமும் தந்தால் சேர்க்கலாம். அதுவும் இல்லாதவர்களுக்கு தாசில்தார், சட்டமன்ற உறுப்பினர், கெசட்டட் அதிகாரி போன்றவர்கள் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் புகைப்படம் ஒட்டித் தரும் சான்று இருக்கிறது. அதற்கு ஆயுள் 3 மாதம்தான். ஆகவே வாங்கிய வாரமே பயன்படுத்திவிடுங்கள்.

விடுதலைச் சான்றில் என் பெயரோடு '(எ) கட்டை குமார்' என்று போட்டிருக்கிறார்கள். இதை எந்த ஆபீசில் நீட்டுவது? வெட்கமாக இருக்கிறது.

அந்த '(எ)' எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எழுதியவர் போட்டது. அது ரிமாண்டு வாரன்டுக்குப் போனது, வாரன்டிலிருந்து சிறைப் பதிவேட்டுக்குப் போனது, அங்கிருந்து உங்கள் கையில் வந்திருக்கிறது. நடுவில் யாரும் 'உன் பெயர் என்ன' என்று உங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெயருக்காக எந்த ஆபீசிலும் நீட்ட வேண்டாம் என்பதுதான் பதில். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எங்கே இருந்தீர்கள் என்று காட்டுவதற்குத்தான் அந்தத் தாள். பெயருக்கு ஆதாரமாக அதைக் கொடுத்தால் 'கட்டை' ஆதாரிலும் ஏறிவிடும். ஆதாரில் பெயர் திருத்தம் வாழ்நாளில் இரண்டு முறைதான், பிறந்த தேதி ஒரு முறைதான். ஒன்றை இப்படி வீணாக்காதீர்கள். பள்ளி டி.சி., மதிப்பெண் பட்டியல், பழைய வாக்காளர் அட்டை, இவற்றில் ஏதாவது ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து அதன்படி அமைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது போல, சிறைத் தாளைக் காட்டியே ஆக வேண்டிய இடங்களில் மட்டும் 'இரண்டு பெயரும் ஒருவரே' என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் போதும். அரசிதழில் பெயர் மாற்றுவது உண்மையிலேயே பெயரை மாற்றுபவர்களுக்கு. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

என் தம்பி பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். உணவு வழங்கல் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ 'உறுப்பினர் சேர்க்கை' விண்ணப்பம், கூட அவர் ஆதார். அவ்வளவே. அவர் பெயர் மனைவி வீட்டார் கார்டில் ஏறியிருந்தால் முதலில் அங்கே நீக்க வேண்டும், ஒரே ஆள் இரண்டு கார்டில் இருக்க முடியாது. இழுத்தடித்தால் வட்ட வழங்கல் அலுவலரிடம் நேரில் மனு, அல்லது 1967 என்ற தொலைபேசி எண். சிலருக்குப் பெயர் நீங்கியிருக்காது, கடையில் கைரேகைப் பதிவு செய்யாததால் நிலுவையில் இருக்கும். முதலில் அதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஜெயிலுக்குப் போனவனுக்கு ஓட்டு கிடையாது என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் இப்போது ஜாமீனில் இருக்கிறேன்.

தெருவில் சொல்வது பாதி சரி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் பிரிவு 62(5) தடுப்பது, சிறையிலோ போலீஸ் காவலிலோ அடைபட்டிருக்கும்போது ஓட்டுப் போடுவதை. தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி என்ற வேறுபாடுகூட அதில் இல்லை. விசாரணையின்றித் தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. வெளியே வந்துவிட்டால், ஜாமீனில் வந்தாலும், தண்டனை முடிந்து வந்தாலும், ஓட்டு உண்டு. உள்ளே இருந்த காரணத்துக்காகப் பட்டியலில் இருந்து பெயரை எடுக்கவும் கூடாது. 2013-ல் வந்த திருத்தம் அதைத் தெளிவாகவே சொல்கிறது.

விதிவிலக்கு ஒன்று. வாக்குக்கு லஞ்சம், ஆள்மாறாட்டம் போன்ற தேர்தல் குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் 6 ஆண்டுகள் ஓட்டுப் போட முடியாது. தேர்தலில் நிற்பதற்கான தடை வேறு கதை, அதையும் இதையும் சேர்த்துக் குழப்பித்தான் உங்கள் தெருவில் பேசுகிறார்கள்.

நடைமுறைக்கு வருவோம். 2025 இறுதியில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தத்தின்போது வீட்டில் ஆள் இல்லாமல் பெயர் விடுபட்டவர்கள் பலர், எனவே பட்டியலை முதலில் பாருங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால், அல்லது முகவரி மாறியிருந்தால் படிவம் 8. படிவம் 6-ல் சிறை பற்றிய கேள்வியே கிடையாது. நீங்களாகச் சொல்லவும் வேண்டியதில்லை. 'சாதாரணமாக வசிக்கும் இடம்' என்பதற்குச் சிறை கணக்கில் வராது, வீட்டு முகவரிதான். சந்தேகத்துக்கு 1950 என்ற தொலைபேசி எண்.

வழக்கில் விடுதலை ஆகிவிட்டேன். பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் இருக்கிறது. மறுபடி வளைகுடாவுக்குப் போக வேண்டும். வழக்கு இருந்ததை விண்ணப்பத்தில் மறைத்துவிடலாமா? கூட வேலை பார்த்தவர் தண்டனை பெற்றவர், அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மறைக்க வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை, அதனால் அந்த யோசனையை விடுங்கள். விண்ணப்பம் கேட்பது இப்போது குற்ற வழக்கு நிலுவையில் இருக்கிறதா, கடந்த 5 ஆண்டுகளில் தண்டனை பெற்றீர்களா என்பதை. மேல்முறையீடு எதுவும் இல்லையென்றால் இரண்டுக்கும் 'இல்லை' என்பதே உங்கள் உண்மையான பதில். பொய் சொன்னால்தான் பாஸ்போர்ட் சட்டத்தின் பிரிவு 12-ல் 2 ஆண்டு வரை சிறை என்று புது வழக்கு வரும்.

பாஸ்போர்ட்டைத் திரும்பப் பெற, தீர்ப்பு தந்த நீதிமன்றத்திலேயே வழக்கறிஞர் வழியாக மனு போடுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். ஒன்றை உங்கள் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஸ்டேஷன் பதிவில் வழக்கு இன்னும் 'நிலுவை' என்றே கிடந்து, போலீஸ் சரிபார்ப்பில் அங்கேதான் முட்டிக்கொள்ளும். வழக்கறிஞருக்குக் கட்ட வசதியில்லாதவர்கள் 15100-ஐ அழைத்து மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச உதவி கேட்கலாம்.

நண்பருக்கு: எல்லாத் தண்டனையும் தடை ஆகாது. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமாக இருக்க வேண்டும், தண்டனை 2 ஆண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அந்தத் தீர்ப்பு விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 5 ஆண்டுக்குள் வந்திருக்க வேண்டும். கவனியுங்கள், கணக்கு தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, வெளியே வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. நீண்ட தண்டனை முடித்து வந்தவருக்கு அந்த 5 ஆண்டு உள்ளேயே கழிந்திருக்கும். இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் உண்டு. இன்னும் வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள், 1993 ஆகஸ்ட் 25-ம் தேதி அறிவிக்கையின்படி, விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி வாங்கிப் பாஸ்போர்ட் கேட்கலாம். எத்தனை காலத்துக்கு என்று நீதிமன்றம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் தருவார்கள். மனுவிலேயே காலத்தைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

சிறையில் இருந்தபோது எனக்குக் குழந்தை பிறந்தது. பிறப்புச் சான்றில் சிறை என்று இருக்குமா? பள்ளியில் சேர்க்கப் பயமாக இருக்கிறது.

இருக்கக் கூடாது. ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரல் 13-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இது: சிறையில் குழந்தை பிறந்தாலும் பிறப்பிடமாகச் சிறையை எழுதக் கூடாது, அந்தப் பகுதியின் முகவரியை மட்டுமே குறிக்க வேண்டும். பிரசவத்துக்கு வெளி மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தால் அந்த மருத்துவமனை பெயர்தான் வரும்.

சான்றை எடுத்துப் பாருங்கள். ஒருவேளை சிறை என்று இருந்தால், பதிவு செய்த மாநகராட்சி அல்லது நகராட்சிப் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டுத் திருத்த மனு கொடுங்கள். பதிவே செய்யவில்லை என்றால் ஓராண்டைத் தாண்டிய பிறப்புக்கு வருவாய்த் துறை அதிகாரியின் உத்தரவு தேவைப்படும். பிரசவம் பற்றிய மருத்துவக் குறிப்பைச் சிறை மருத்துவமனையிலிருந்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அதுவே முக்கியச் சான்று. பள்ளி கேட்பது குழந்தையின் வயதை. பிறந்தபோது அம்மா எங்கே இருந்தார் என்று கேட்க அவர்களுக்கு உரிமையில்லை.

வங்கிக் கணக்கு மூடிப்போயிருக்குமா?

மூடியிருக்காது. 2 ஆண்டு வரவு செலவு இல்லையென்றால் 'செயல்படாத கணக்கு' ஆகும், 10 ஆண்டு தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்போதும் பணம் உங்களுடையதே, வங்கி வழியாகத் திரும்பக் கேட்கலாம். கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்தால் கணக்கை உயிர்ப்பிப்பார்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

கைதான அன்று பர்ஸ், லைசென்ஸ், செல்போன் எல்லாம் ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டார்கள். நான் லாரி டிரைவர். லைசென்ஸ் இல்லாமல் எப்படிப் பிழைப்பது?

மூன்று இடங்களில் தேட வேண்டும். உள்ளே போகும்போது சிறையில் ஒப்படைத்தது அங்குள்ள சொத்துப் பதிவேட்டில் இருக்கும், விடுதலை நாளில் கையெழுத்து வாங்கித் தருவார்கள். வழக்குக்குத் தொடர்பு என்று பிடித்தவை மகசரில் (போலீஸ் எழுதும் பறிமுதல் பட்டியல்) எழுதப்பட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். மகசர் நகலைப் பாருங்கள், லைசென்ஸ் அதில் இருந்தால் நீதிமன்றத்தில் திருப்பித் தரக் கேட்டு மனு போட வேண்டும். எதிலும் இல்லாமல் ஸ்டேஷன் அலமாரியில் கிடப்பவையும் உண்டு. ஆய்வாளருக்கு எழுத்து மூலம் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்ற பதில்தான் வரும்.

மூன்றிலும் இல்லை என்று உறுதியானபிறகு மட்டும் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்து, பரிவாகன் என்ற போக்குவரத்துத் துறை இணையதளம் வழியாக நகல் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். நீதிமன்றத்தில் இருப்பதைத் 'தொலைந்தது' என்று எழுதினால் பின்னால் தலைவலி.

லாரி லைசென்ஸ் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. முடிந்த தேதியைப் பாருங்கள். முடிந்து ஓராண்டுக்குள் என்றால் மருத்துவச் சான்றோடு அபராதம் கட்டிப் புதுப்பிக்கலாம். ஓராண்டு தாண்டியிருந்தால் திரும்ப ஓட்டிக் காட்டித் தேர்வில் தேற வேண்டும். அதுவரை ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள், ஜாமீனில் இருந்தால் இன்னும் கவனம். லோடுமேனாகவோ கிளீனராகவோ அதே வண்டியில் போக லைசென்ஸ் தேவையில்லை.