மஞ்சள் விழுந்ததும் நின்றேன், பின்னால் வேன் இடித்தது: யார் பொறுப்பு?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம்ங்க. பல்லடத்தில் தறி குடோன் வைத்திருக்கிறேன். போன மாதம் மனைவியுடன் பைக்கில் கோவை போகும்போது, சிங்காநல்லூர் பக்கம் திருச்சி ரோட்டு சிக்னலில் மஞ்சள் விழுந்தது. கேமரா இருக்கிறதே என்று பிரேக் போட்டு நின்றேன். பின்னால் வந்த வேன் இடித்ததில் மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. வேன் ஓனரோ, "சடன் பிரேக் போட்டது நீங்கதானுங்க" என்கிறார். கொஞ்சம் பணம் தருகிறாராம், எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதல் காரியம், எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

மஞ்சள் விழும்போது பத்திரமாக நிறுத்த முடிகிற தூரத்தில் இருப்பவர் கோட்டுக்கு முன்னால் நின்றாக வேண்டும். முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட்டு வருவது பின்னால் வருகிறவரின் கடமை.

வேன் தரப்பில் ஒரு தீர்ப்பை எடுத்து நீட்டுவார்கள். 2017 ஜனவரியில் நம் கோவையில் நடந்த விபத்துதான் அது. நெடுஞ்சாலையில் சைகை காட்டாமல் ஒரு கார் திடீரென்று நிற்க, பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் ஏறி, இடது கால் போய்விட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கார் ஓட்டியவருக்கு 50 சதவீதம், பஸ் டிரைவருக்கு 30, இடைவெளி விடாத மாணவருக்கு 20 என்று பொறுப்பைப் பிரித்தது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அந்தக் கார் நின்றது சொந்தக் காரணத்துக்காக, ஓடுகிற ரோட்டில். உங்களை நிற்கச் சொன்னது சிக்னல்.

கேமராவை நினைத்து நின்றதைப் போலீசிடம் மறைக்கவும் வேண்டாம், அது குற்றமில்லை. கேமரா மாட்டிய சந்திப்புகளில் இப்படி நடப்பது தெரிந்த விஷயம்தான். அமெரிக்காவில் ஏழு பகுதிகளை வைத்துச் செய்து 2005இல் வெளியான அரசு ஆய்வில், பக்கவாட்டு மோதல்கள் சுமார் 25 சதவீதம் குறைந்தன, பின்னால் இடிப்பது சுமார் 15 சதவீதம் கூடியது. பக்கவாட்டில் மோதினால் அடி பலம், உயிரே போகும். அதனால் கேமரா வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சள் போதிய நேரம் எரியாத சிக்னலில் கேமராவை மட்டும் மாட்டிவிட்டுப் போவது அநியாயம். அங்கே மஞ்சள் எத்தனை விநாடி எரிகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் போக்குவரத்து போலீசிடம் கேளுங்கள், வழக்குக்கு உதவும்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-படி, கேமரா பிடித்து அபராதம் போட்ட பதிவை அந்த விவகாரம் முடியும்வரை வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு அபராதமே வரவில்லை, ஆகவே அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிட்டால் போனதுதான். தேதி, நேரம், சிக்னல் பெயர் போட்டு, பதிவை எடுத்து வைக்கும்படி விசாரிக்கும் இன்ஸ்பெக்டரிடம் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பேக்கரி, பெட்ரோல் பங்க் கேமராக்களையும் விடாதீர்கள்.

எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, எக்ஸ்ரே, பில்கள் எல்லாம் ஒரே பைலில் இருக்கட்டும். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈட்டு மனு போட வேண்டும். கோவைக்கு அலைய வேண்டியதில்லை, குடியிருக்கும் இடத்தை வைத்துத் திருப்பூரிலேயே போடலாம். மனைவியின் மனு தனி. உங்கள் மேலும் கொஞ்சம் தவறு இருக்கிறது என்று தீர்ப்பாயம் நினைத்தால்கூட, பின்னால் உட்கார்ந்திருந்த அவருக்கு அதனால் குறையாது. வேனின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே முழுத் தொகையையும் அவர் கேட்கலாம்.